முகப்பு இசையை முதல்முறை வருபவருக்காகத் தேர்ந்தெடுக்காதீர்கள்

கேமைத் திறந்ததும் அதன் பெயரும் "ஸ்டார்ட் அழுத்தவும்" என்ற ஒற்றை வரியும் வந்து நிற்குமே, அந்த முகப்புத் திரைக்கு என்ன இசை வைப்பது? மூன்று மாதமாக நாங்கள் மூன்று பேரும் இதில்தான் மல்லுக்கட்டிக்கொண்டிருந்தோம். இதெல்லாம் ஒரு பிரச்சினையா என்று சிலர் கேட்டார்கள். எனக்கு இது கேமின் கடைசிக் காட்சியைவிடப் பெரிய விஷயம். ஏன் என்று கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நாங்கள் செய்வது சின்ன கேம். கலங்கரை விளக்கத்தைத் தனியாளாகப் பார்த்துக்கொள்ளும் ஒரு பெரியவர், புயல் மாதங்களில் விளக்கு அணையாமல் காக்கிறார். அவ்வளவுதான் கதை. சண்டை கிடையாது, துரத்தல் கிடையாது. வேலை முக்கால்வாசி முடிந்த பிறகுதான் முகப்புக்கு இசையே இல்லை என்பது உறைத்தது. நண்பன் இணையத்தில் ஒரு ட்ராக்கைக் காசு கொடுத்து வாங்கி வந்தான். வயலின் கூட்டம், பின்னால் இடி மாதிரி டிரம்ஸ், உச்சத்தில் கோரஸ். முதல்முறை போட்டுக் கேட்டபோது மூன்று பேருக்கும் புல்லரித்தது உண்மை.

நண்பனின் அக்காதான் எங்களுக்கு வழக்கமாக விளையாடிப் பார்த்துச் சொல்பவர். முதல் நாள் இசையை முழுக்கக் கேட்டுவிட்டு, "பெரிய கம்பெனி கேம் மாதிரி இருக்குடா" என்றார். மூன்றாம் நாள் டிரம்ஸ் வருவதற்குள் ஸ்டார்ட் அழுத்திவிட்டார். ஆறாம் நாள் நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். கேமைத் திறப்பதற்கு முன்னாலேயே அவருடைய இடது கை கீபோர்டில் வால்யூம் குறைக்கும் பட்டனுக்குப் போனது. நான்கு தட்டு. முகப்பு வந்தது, ஸ்டார்ட் அழுத்தினார், உள்ளே போனதும் மறுபடி நான்கு தட்டு தட்டி ஏற்றிக்கொண்டார். கேட்டேன். "அப்படியா செய்றேன்?" என்று அவரே ஆச்சரியப்பட்டார்.

அந்த எட்டுத் தட்டில்தான் எனக்கு விஷயம் பிடிபட்டது. நாங்கள் அந்த இசையைத் தேர்ந்தெடுத்தது முதல்முறை வருபவருக்காக. ஆனால் முதல்முறை என்பது ஒரே ஒரு தடவைதான். இருபது மணிநேரக் கேமை ஒருவர் நாற்பது நாற்பது நிமிடமாக விளையாடினால் முப்பது தடவை முகப்பைக் கடந்து போகிறார். அதில் இருபத்தொன்பது தடவை அவர் திரும்பி வருபவர். களைத்துப்போய் வருவார், நடுராத்திரியில் வருவார், விட்ட இடத்தைப் பிடிக்கும் அவசரத்தில் வருவார். கேமின் மற்ற எந்த இசையும் ஒலிக்கும்போது அவர் கைக்கு ஒரு வேலை இருக்கும். முகப்பில் எதுவும் இல்லை. இசைக்கும் அவருக்கும் நடுவே ஒன்றுமே இல்லாத ஒரே இடம் அதுதான்.

இப்படி யோசிக்க ஆரம்பித்ததும் தேர்வு செய்யும் முறையே தலைகீழாகிவிட்டது.

முதலில், தொடக்கம். திரும்பி வருபவர் நான்கைந்து வினாடிக்கு மேல் முகப்பில் நிற்பதில்லை. நாங்கள் வாங்கிய ட்ராக்கில் முதல் இருபது வினாடி வெறும் ரீங்காரம், அதற்குப் பிறகுதான் மெட்டு. அதாவது அக்கா அந்த மெட்டை இரண்டு நாள் மட்டுமே கேட்டிருக்கிறார். மீதி நாளெல்லாம் அவர் காதில் விழுந்தது ரீங்காரம். 1987-இல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியில் நோபுவோ உவேமட்சு அமைத்த தொடக்க இசையை நினைத்துப் பாருங்கள். படிப்படியாக ஏறி, படிப்படியாக இறங்கும் சுரங்கள். வேறு எதுவும் இல்லை. முதல் இரண்டு வினாடியிலேயே அது எந்தக் கேம் என்று தெரிந்துவிடும். அந்தத் தொடரின் எத்தனையோ கேம்களில் அதே சுரங்கள் திரும்பத் திரும்ப வந்துவிட்டன. இன்னும் யாருக்கும் சலிக்கவில்லை.

பிரம்மாண்டம் கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2011-இல் வந்த ஸ்கைரிமின் முகப்பில் புகை நடுவே ஒரு சின்னம் மட்டும் நிற்கும். ஜெரமி சோல் அதற்கு முப்பது பேர் கொண்ட கோரஸைப் பாடவைத்து, மூன்று முறை பதிவு செய்து அடுக்கி, தொண்ணூறு பேர் பாடுவதுபோல ஒலிக்க வைத்தார். அது ஏன் அலுக்கவில்லை? அந்தக் கேம் உண்மையிலேயே அவ்வளவு பெரியது என்பது ஒரு காரணம். இன்னொன்று, அதற்குள் இருக்கும் மெட்டு அதே தொடரில் 2002-இல் வந்த மோரோவிண்டின் மெட்டு. ஒன்பது வருடம் கழித்துத் திரும்பி வந்தவர்களுக்கு அது வீட்டுக் கதவு திறக்கும் சத்தம் மாதிரி. எங்கள் கலங்கரை விளக்கத்தில் தொண்ணூறு பேர் இல்லை. இருப்பது ஒரே ஒரு பெரியவர். அவருக்குப் பின்னால் கோரஸ் வைத்தது பொய்.

இந்தப் பொய்தான் எனக்கு மிகவும் உறுத்தியது. முகப்பு இசை கேமின் வயிற்றில் இருந்து வர வேண்டும். 1986-இல் வந்த மெட்ராய்டுக்கு இசையமைத்த ஹிரோகாசு தனாகா என்ன செய்தார் தெரியுமா? அந்தக் காலத்துக் கேம்கள் எல்லாம் துள்ளலான மெட்டோடு வந்துகொண்டிருந்தபோது, இவர் முகப்பிலேயே கேட்பவரை ஒரு அந்நியமான, கலக்கமான ஒலிக்குள் இறக்கினார். கேமின் ஒலிகள் ஓர் உயிரினம்போல இருக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். வாய்விட்டு முணுமுணுக்கும்படியான மெட்டைக் கேமை ஜெயித்த பிறகு வரும் முடிவுக்காக எடுத்துவைத்திருந்தார். அந்தத் தைரியம் எனக்கு வேண்டும் என்று இப்போதும் ஆசைப்படுகிறேன்.

2015-இல் வந்த அண்டர்டேல் இன்னும் ஒருபடி போனது. அதன் மெனுவுக்குத் திரும்பி வரும்போதெல்லாம் நீங்கள் நட்பாக்கிக்கொண்ட பாத்திரங்கள் அங்கே வந்து நிற்பார்கள். அவர்கள் கூடக்கூட இசையிலும் கருவிகள் கூடும். திரும்பி வருபவரை அடையாளம் தெரிந்து வரவேற்கும் இசை அது. அதை உருவாக்கி இசையும் அமைத்த டோபி ஃபாக்ஸ் செய்ததிலேயே எனக்கு மிகப் பிடித்த வேலை அந்த மெனுதான் என்று சொன்னால் சிலர் சண்டைக்கு வருவார்கள், பரவாயில்லை.

மௌனமும் ஒரு தேர்வுதான். 1985-இல் வந்த சூப்பர் மரியோ பிரதர்ஸின் முகப்பில் இசையே கிடையாது. கோஜி கோண்டோவின் அந்த மெட்டு, நீங்கள் ஸ்டார்ட் அழுத்தி உள்ளே கால் வைக்கும்போதுதான் தொடங்கும். அதனால்தான் அந்த முதல் சுரங்கள் அவ்வளவு சந்தோஷமாகக் கேட்கின்றன. 1995-இல் வந்த க்ரோனோ ட்ரிகரில் ஊசல் ஆடும், கடிகாரம் டிக் டிக் என்னும். காலப் பயணம் பற்றிய கேமுக்கு அதைவிட என்ன வேண்டும்? நாங்களும் அலைச் சத்தம் மட்டும் போட்டு ஒரு வாரம் ஓட்டிப் பார்த்தோம். அழகாக இருந்தது. ஆனால் கேமுக்குள்ளும் எப்போதும் அலைச் சத்தம்தான் என்பதால் வாசல் எது, வீடு எது என்று தெரியாமல் போய்விட்டது. விட்டுவிட்டோம்.

அடுத்தவர் பாட்டை எடுத்துப் போடலாமா என்ற பேச்சும் வந்தது. இதில் என் கருத்து கறாரானது. தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டாவின் முகப்புக்கு பிரெஞ்சு இசையமைப்பாளர் ராவெலின் "பொலேரோ"வைப் போடலாம் என்றுதான் கோண்டோ முதலில் நினைத்திருந்தார். கேம் வெளியாகும் தறுவாயில்தான் அதன் காப்புரிமை இன்னும் முடியவில்லை என்று தெரிந்தது. வேறு வழியில்லாமல் கேமுக்குள் ஏற்கெனவே இருந்த தன் மெட்டையே ஒரே இரவில் முகப்புக்காக மாற்றி எழுதினார். இன்று ஸெல்டா என்றால் உலகத்துக்கே நினைவுக்கு வருவது அந்த மெட்டு. "பொலேரோ" கிடைத்திருந்தால் அந்த முகப்பு ராவெலுடையதாகவே இருந்திருக்கும்.

காப்புரிமைச் சிக்கல் வெளியீட்டோடு முடிவதும் இல்லை. இசை உரிமங்கள் காலாவதியானதால் 2017 மே மாதம் ஆலன் வேக் என்ற கேம் விற்பனையிலிருந்தே எடுக்கப்பட்டது. உரிமங்களைப் புதுப்பித்து 2018 அக்டோபரில்தான் திரும்பக் கொண்டுவந்தார்கள். பெரிய கம்பெனிகளுக்கே இந்தக் கதி. "ராயல்டி-ஃப்ரீ" என்று எழுதியிருந்தால் இலவசம் என்று அர்த்தமில்லை, உங்களுக்கு மட்டும் என்றும் அர்த்தமில்லை. ஒருமுறை காசு கொடுத்தால் ஒவ்வொரு பிரதிக்கும் தனியாகக் கொடுக்க வேண்டாம் என்பதுதான் பொருள். கிரியேட்டிவ் காமன்ஸ் (உருவாக்கியவரே சில நிபந்தனைகளோடு எல்லோருக்கும் அனுமதி கொடுத்துவிடும் உரிமம்) இசையை எடுத்தால், வணிகப் பயன்பாடு கூடாது என்ற நிபந்தனை இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் விற்கப்போகும் கேமில் அதைத் தொடவே கூடாது. நாங்கள் வாங்கிய ட்ராக்கில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் இரண்டாவது மாதம் ஒரு விளம்பரத்தில் அதே வயலின், அதே டிரம்ஸ் கேட்டது. நண்பன் ஃபோனை எடுத்துக்கொண்டு ஓடிவந்தான். மூன்று பேரும் அந்த விளம்பரத்தை மூன்று தடவை பார்த்தோம், ஒருவரும் பேசவில்லை. அன்றைக்கே அந்த ஃபைலை நீக்கினோம்.

பிறகு இசைக் கீபோர்டை எடுத்து நானே உட்கார்ந்தேன். கேமில் அந்தப் பெரியவர் மாடிப்படி ஏறும்போது மெல்ல விசில் அடிப்பார். ஐந்தே சுரம். நண்பன் ஏதோ ஒரு மதியம் வாயால் அடித்துப் பதிவு செய்து போட்டது. அந்த ஐந்து சுரம் முகப்பின் முதல் வினாடியிலேயே வரும்படி வைத்தேன். கருவி ஒன்றுதான், பியானோ. கோண்டோ ஒரே இரவில் செய்ததை நான் பதினோரு நாளில் செய்தேன், ஆனால் வழி அதே வழிதான்: கேமுக்குள் இருப்பதை எடுத்து வாசலில் வைப்பது. (ஆர்க்கெஸ்ட்ரா வைக்க வசதி இல்லையே என்று கவலைப்படுபவர்களுக்கு ஒன்று: 1989-இல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியாவுக்கு இசை எழுதியது அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னரின் அப்பா பிரான்சிஸ் மெக்னர்.)

மெட்டு கிடைத்த பிறகும் ஒரு வாரம் போனது லூப்பில். முகப்பை அப்படியே விட்டுவிட்டு ஃபோன் பேசப் போகிறவர்கள் உண்டு, அப்போது இசை சுற்றிச் சுற்றி ஓடும். எங்களுடையது நிமிடத்துக்கு 90 தாளம், நாலு தாளம் சேர்ந்தால் ஒரு பார் என்று 32 பார், மொத்தம் 85 வினாடிக்குக் கொஞ்சம் மேல். ஒவ்வொரு 85 வினாடிக்கும் ஒரு "டிக்". ஹெட்போன் போட்டால் துல்லியமாகக் கேட்கும், ஸ்பீக்கரில் கேட்காது. சத்தத்தைக் கோடாக வரைந்து காட்டும் அலைவடிவத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், முடிவில் கோடு மேலே நிற்கிறது, தொடக்கத்தில் நடுக்கோட்டில் இருக்கிறது. அந்தத் தாவல்தான் டிக். இரண்டு முனையையும் நடுக்கோட்டுக்குக் கொண்டுவந்ததும் டிக் போனது, ஆனால் பியானோவின் கடைசிச் சுரத்தின் எதிரொலி கத்தரித்ததுபோல நின்றது. முழு இசையையும் அடுத்தடுத்து இரண்டு தடவை ஓடவிட்டுப் பதிவு செய்து, இரண்டாவது சுற்றை மட்டும் வெட்டி எடுத்தேன். முதல் சுற்றின் எதிரொலி இரண்டாவது சுற்றின் தலையில் வந்து சேர்ந்துவிட்டது, தையல் தெரியவில்லை. எம்பி3-ஆக மட்டும் போட்டுவிடாதீர்கள். சுருக்கும்போது ஆரம்பத்திலும் முடிவிலும் துளி மௌனம் ஒட்டிக்கொள்ளும், லூப் தடுமாறும். ஓஜிஜி அல்லது வேவ் வகை ஃபைல் போதும்.

உலாவியில் ஓடும் கேம் என்றால் இன்னொன்று. 2018 முதல் குரோம் உலாவி, பயனர் எதையாவது தொடும்வரை சத்தத்தை ஓடவிடாது. அதனால் ஒரு "தொடவும்" திரையை முன்னால் வையுங்கள், இல்லாவிட்டால் நீங்கள் பார்த்துப் பார்த்து அமைத்த முதல் ஐந்து சுரம் யார் காதிலும் விழாது.

சத்த அளவு பற்றியும் மன்றாடிக் கேட்கிறேன். முகப்பு ஒலிக்கும்போது ஆடுபவர் இன்னும் செட்டிங்ஸ் பக்கமே போயிருக்க மாட்டார். ஹெட்போனில் இருப்பார், பக்கத்தில் குழந்தை தூங்கும். கேமுக்குள் இருக்கும் இசையைவிட முகப்பு ஒருபடி கீழேயே இருக்கட்டும். ஸ்டார்ட் அழுத்தியதும் படக்கென்று அறுக்காமல் ஒரு வினாடியில் கரையட்டும்.

இப்போது எங்களுக்குள் பாக்கி இருப்பது ஒரே ஒரு தகராறு. கேமை ஒருமுறை முடித்தவர் திரும்பி வரும்போது அந்த ஐந்து சுரத்தோடு இரண்டாவதாக ஒரு குரல் சேர வேண்டும் என்பதில் மூன்று பேரும் ஒத்துப்போய்விட்டோம். அது செல்லோவா, மவுத் ஆர்கனா என்பதில்தான் இழுபறி. நான் மவுத் ஆர்கன் கட்சி, அந்தப் பெரியவரின் சட்டைப் பையில் அதுதான் இருக்கும். இரண்டையும் தனித்தனியாகப் போட்டு அக்காவிடம் கொடுத்திருக்கிறோம். இன்றைக்குக் கேட்டுவிட்டு இன்றைக்கே சொல்ல வேண்டாம், ஒவ்வொன்றையும் பத்து நாள் விளையாடிவிட்டுச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டோம். இன்று நான்காவது நாள். இதுவரை அவர் கை வால்யூம் பட்டன் பக்கம் போகவில்லை.