விண்ணப்பப் படிவத்தில் இல்லாத கட்டம்

பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ, பட்டப்படிப்பு மூன்றிலும் 60 சதவீதத்துக்குக் குறையாத மதிப்பெண், அரியர் எதுவும் இருக்கக் கூடாது, படிப்பில் ஓராண்டுக்கு மேல் இடைவெளி கூடாது. புதியவர்களை வேலைக்கு எடுக்கும் மென்பொருள் நிறுவனங்கள் பலவற்றின் அறிவிப்பில் இந்த நிபந்தனைகளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். பதினோரு ஆண்டுகளாக இந்தத் துறையில் இருக்கிறேன்; கடைசி நான்கு ஆண்டுகளாக நேர்முகத் தேர்வு எடுக்கும் பக்கத்திலும் உட்கார்ந்திருக்கிறேன். இந்த நிபந்தனைகளை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் என் கருத்து. அதற்கான காரணத்தை ஒரு பெண்ணின் அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். அவர் சம்மதித்த பிறகே எழுதுகிறேன். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்.

தக்கலையில் எங்கள் வீட்டு முன்னறையில் ஞாயிற்றுக்கிழமைகளில் ஐந்தாறு பேருக்கு நிரல் (கணினி புரோகிராம்) எழுதச் சொல்லிக்கொடுக்கிறேன். அந்தப் பெண் 2022இல் வந்தார். மீனவர் வீட்டுப் பெண், பி.எஸ்சி. கணினி அறிவியல் முடித்துவிட்டு மார்த்தாண்டத்தில் ஒரு துணிக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தார். வீட்டில் மடிக்கணினி கிடையாது. பைத்தான் என்ற நிரல்மொழியை முழுக்கக் கைபேசியிலேயே கற்றிருந்தார். கைபேசி விசைப்பலகையில் சதுர அடைப்புக்குறியைத் தேடிப்பிடிக்கவே இரண்டு முறை பக்கம் மாற்ற வேண்டும். வரித் தொடக்கத்தில் விடும் இடைவெளி ஒன்று கூடினாலோ குறைந்தாலோ நிரல் ஓடாது. அப்படி எழுதி எழுதியே அவருக்கு ஒரு நிதானம் வந்திருந்தது. பிழைச்செய்தி வந்தால் பதறாமல், எந்த வரி எண் என்று முதலில் பார்ப்பார். பொறியியல் முடித்து வந்த பலரிடம் அந்தப் பழக்கத்தை நான் கண்டதில்லை.

இணையத்தில் பாடங்களுக்குப் பஞ்சமில்லை என்பது உண்மைதான். ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003இல் தொடங்கிய என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டம் இருக்கிறது, ஹார்வர்டின் சிஎஸ்50 என்ற அறிமுகக் கணினி வகுப்பை யாரும் இலவசமாகப் பார்க்கலாம், நிரல் எழுதச் சொல்லித்தரும் ஃப்ரீகோட்கேம்ப் தளம் இருக்கிறது, ஐஐடி பம்பாயின் ஸ்போக்கன் டுடோரியலில் தமிழ்க் குரலிலேயே பாடங்கள் கிடைக்கின்றன. ஆனால் காணொளி பார்ப்பதும் கற்பதும் ஒன்றல்ல. பதினான்கு சான்றிதழ்களை அச்செடுத்து உறையில் போட்டுக்கொண்டு வந்த ஒரு தம்பியால், ஒரு பட்டியலில் இருக்கும் எண்களைக் கூட்டும் ஐந்து வரியை எழுத முடியவில்லை. குறை அவனிடம் இல்லை. அவன் எழுதியதைப் படித்துப் பார்த்து, இந்த இடம் ஏன் இப்படி என்று கேட்க அதுவரை ஒருவரும் இருந்ததில்லை. தொடக்கநிலையில் இருப்பவருக்கு நூறு மணி நேரப் பாடத்தைவிட, வாரம் ஒரு மணி நேரம் அவருடைய நிரலைப் படிக்கும் ஒரு ஆள் அதிகம் பயன்படுவார்.

அந்தப் பெண்ணிடம், உங்கள் வீட்டுக்குப் பயன்படும் ஏதாவது ஒன்றைச் செய்யுங்கள் என்றேன். வள்ளத்தின் பங்குக் கணக்கை எழுதிக்கொண்டு வந்தார். ஏலத்தில் வந்த தொகை, அதில் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு கழிவு, வள்ளத்துக்கு ஒரு பங்கு, மீதி ஆட்களுக்கு. ஏழு பேருக்குப் பிரிக்கும்போது சில்லறை மிஞ்சும் அல்லவா? அந்த மிச்சத்தைத் தனியாக ஒரு கணக்கில் சேர்த்திருந்தார். ஏன் என்று கேட்டேன். "மிஞ்சுற சில்லறைய அப்பா கோயிலுக்குத்தான் போடுவாவ, அக்கா. அதான் அதுக்குத் தனியா ஒரு கணக்கு வச்சேன்" என்றார். பயன்படுத்துபவர் உண்மையில் என்ன செய்கிறார் என்று கவனித்து அதை அப்படியே நிரலில் கொண்டுவருவதற்காகத்தான் நிறுவனங்கள் எங்களுக்குச் சம்பளம் தருகின்றன.

அவரை ஒரு நிறுவனமும் நேர்முகத் தேர்வுக்கு அழைக்கவில்லை. பிளஸ் டூவில் 1200க்கு 684, அதாவது 57 சதவீதம். அவர் அந்தத் தேர்வை எழுதியது 2018 மார்ச்சில். 2017 நவம்பர் 30 நம் குமரி மாவட்டத்தில் யாருக்கும் மறக்காது. ஒக்கி புயலில் அவருடைய அப்பா போன வள்ளம் லட்சத்தீவுப் பக்கம் ஒதுங்கியது. அவர் உயிரோடு இருக்கிறார் என்று வீட்டுக்குத் தெரிவதற்கே பல நாள் ஆனது. பக்கத்து வீடுகளுக்குச் சிலர் திரும்பி வரவே இல்லை. அந்தத் தெருவில் இருந்துகொண்டு மூன்று மாதத்தில் ஒரு பெண் எடுத்த 684 அது. இணைய விண்ணப்பத்தில் இதைச் சொல்ல ஒரு கட்டமும் இல்லை. 57 என்று நிரப்பிய உடனே, தகுதி இல்லை என்று திரை சொல்லிவிடுகிறது. அவருடைய நிரலை ஒரு மனிதர்கூடத் திறந்து பார்க்கவில்லை.

ஆயிரக்கணக்கில் விண்ணப்பம் வரும்போது ஏதோ ஒரு சல்லடை வேண்டாமா என்று என் அலுவலக நண்பர்கள் கேட்கிறார்கள். வேண்டும்தான். நானே ஒரு வாரத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட விண்ணப்பங்களைப் படித்துக் களைத்திருக்கிறேன். ஆனால் சலிப்பது எதை வைத்து என்பதுதான் கேள்வி. பதினேழு வயதில் வேதியியலில் எத்தனை மதிப்பெண் எடுத்தார் என்பதை வைத்தா, இன்று ஒரு மணி நேரத்தில் அவர் எழுதித் தரும் நிரலை வைத்தா? இரண்டாவதையும் கணினியே திருத்திக் கொடுக்கும். நிறுவனத்துக்குக் கூடுதல் ஆள் தேவையில்லை. சாட்ஜிபிடியில் எழுதி வாங்கிவிடுவார்களே என்றால், எழுதிய நிரலில் ஒரு சிறு மாற்றத்தைப் பதினைந்து நிமிடக் காணொளி அழைப்பில் நம் முன்னாலேயே செய்யச் சொன்னால் போதும். எழுதியவர் யார் என்பது அதில் தெரிந்துவிடும்.

முதல் சுற்றில் பெயர், ஊர், கல்லூரி மூன்றையும் மறைத்துவிட்டுத் திருத்த வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். ஆய்வாளர்கள் சுகதேவ் தோரட்டும் பால் அட்டவெல்லும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களைப் பெயரை மட்டும் மாற்றி இந்தியத் தனியார் நிறுவனங்களுக்கு அனுப்பிப் பார்த்தார்கள். தலித் பெயரும் முஸ்லிம் பெயரும் இருந்த விண்ணப்பங்களுக்கு அழைப்பு குறைவாகவே வந்தது. நாம் பெயருக்குப் பின்னால் சாதியைப் போடுவதில்லை. ஆனாலும் குமரி மாவட்டத்தில் ஒருவருடைய பெயரையும் ஊரையும் கேட்டால், மதமும் சமூகமும் கேட்பவருக்குப் பெரும்பாலும் புரிந்துவிடுகிறது.

தேர்வு நடத்தும் முறையிலும் ஒன்று உறுத்துகிறது. கேமராவை வைத்துக் கண்காணிக்கும் தேர்வுகளில், அறையில் வேறு குரல் கேட்டாலோ பார்வை திரையை விட்டு விலகினாலோ எச்சரிக்கை வருகிறது. ஒற்றை அறை வீட்டில், திருவிழா ஒலிபெருக்கி தெரு முழுக்க ஒலிக்கும்போது, மழைக்கு மின்சாரம் போய்ப் போய் வரும்போது இந்தத் தேர்வை எழுதுகிறவரை யாரும் நினைத்துப் பார்ப்பதாகத் தெரியவில்லை. தேர்வுக்கு ஒரு வார அவகாசத்தில் அவருக்கு வசதியான நேரத்தைத் தேர்ந்துகொள்ள விடுவதும், இணைப்பு அறுந்தால் மறுவாய்ப்பு தருவதும் எந்த நிறுவனத்துக்கும் பெரிய செலவல்ல. வேலைக்கு முன்பணம் கேட்பவர்களையும், அசல் சான்றிதழ்களை வாங்கி வைத்துக்கொள்பவர்களையும் பற்றித் தனியாக எழுத வேண்டும். இப்போதைக்குத் தம்பி தங்கைகளுக்கு ஒன்றே ஒன்று: எந்தக் காரணம் சொன்னாலும் இரண்டையும் கொடுக்காதீர்கள்.

கடைசியில், திருவனந்தபுரத்தில் உள்ள ஒரு சிறு நிறுவனம் அந்தப் பெண்ணுக்கு இரண்டு மணி நேர வேலை ஒன்றைக் கொடுத்துப் பார்த்தது, மறுவாரமே எடுத்துக்கொண்டது. பிளஸ் டூ மதிப்பெண் பட்டியலைச் சேரும் நாளில்தான் கேட்டார்கள், அதுவும் பிறந்த தேதியைச் சரிபார்க்க. திருவனந்தபுரம் டெக்னோபார்க் மென்பொருள் வளாகத்திலும் சென்னையிலும் பெங்களூருவிலும் ஆள் எடுக்கும் பொறுப்பில் இருக்கும் நம் ஊர்க்காரர்கள் பலர் இந்தப் பக்கத்தைப் படிக்கிறீர்கள். அடுத்த முறை அறிவிப்பு எழுதும் வேலை உங்களிடம் வந்தால், அந்த 60 சதவீத வரி எதற்காக இருக்கிறது என்று மனிதவளத் துறையிடம் ஒருமுறை கேளுங்கள். நான் கேட்டபோது, போன ஆண்டு அறிவிப்பில் இருந்தது, அப்படியே எடுத்துப் போட்டோம் என்றார்கள்.