எக்ஸ்ரே எடுத்த தாய் பால் கொடுக்கக் கூடாதா?

"எக்ஸ்ரே எடுத்தால் கதிர்வீச்சு ஒரு நாள் உடம்பில் தங்கும், அதுவரை குழந்தைக்குப் பால் கொடுக்காதீர்கள்" என்றொரு தகவல் வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. பச்சிளம் குழந்தையைப் பசியில் அழவிடும் தவறு.

எக்ஸ்ரே குழாயில், சூடான இழையிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்கள் பல்லாயிரம் வோல்ட் மின்னழுத்தத்தில் பாய்ந்து டங்ஸ்டன் தகட்டில் மோதுகின்றன. அந்த ஆற்றலில் சுமார் 99 சதவீதம் வெப்பமாகிவிடும், மிச்சம்தான் எக்ஸ்ரே. மின்சாரம் நின்ற கணமே, விளக்கை அணைத்தாற்போல், கதிரும் நின்றுவிடும். உடலிலோ அறையிலோ தாய்ப்பாலிலோ எதுவும் தங்காது.

கதிரியக்க மருந்து செலுத்தி எடுக்கும் அணு மருத்துவ ஸ்கேன் வேறு. அதற்குத்தான் மருத்துவர் சொல்லும் இடைவெளி தேவைப்படலாம்.

ஊழியர் ஈயத் தடுப்புக்குப் பின்னால் நிற்பது, நாள் முழுக்கப் பலருக்குப் படம் எடுப்பதால். கர்ப்பமாக இருக்கலாம் என்று தோன்றினால், படம் எடுக்கும் முன்பே அவரிடம் சொல்லிவிடுங்கள்.