லாக்புக்கையும் எடுத்துட்டு வாங்க

போன வாரம் நர்சிங் இன்டர்வியூ. கேள்வி கேட்கிற இடத்தில் நானும் உட்கார்ந்திருந்தேன். படிப்பு முடித்து நாலு மாதமான ஒரு பெண் வந்தாள். நாற்காலியில் உட்காருவதற்குள், "மேடம், எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் எதுவும் இல்லை" என்றாள். ஏதோ தப்பு செய்துவிட்ட மாதிரி குரல்.

ஃபைலுக்கு அடியில் கிளினிக்கல் லாக்புக் கிடந்தது, படிக்கும்போது வார்டுகளில் செய்த வேலையைக் குறித்து வைக்கிற நோட்டு. புரட்டினேன். பிரசவ வார்டு, குழந்தைகள் வார்டு, ஆபரேஷன் தியேட்டர், மனநலப் பிரிவு எனப் பக்கம் பக்கமாக வேலை. ஒவ்வொன்றுக்கும் கீழே ஒரு சிஸ்டரின் கையெழுத்து. கை கழுவிய ஈரத்தோடு அந்தப் பெண் எழுதியிருக்கிறாள் போல, ஓரங்களில் மை பரவியிருந்தது. இது அனுபவம் இல்லையா? பயோடேட்டாவில் மட்டும் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது.

வேலை தேடுகிற தம்பி, தங்கைகளே, எந்த வார்டில் எத்தனை வாரம் இருந்தீர்கள், எதைத் தனியாகச் செய்தீர்கள், எதை சிஸ்டர் பக்கத்தில் நிற்கும்போது செய்தீர்கள், எல்லாவற்றையும் எழுதுங்கள். செய்யாததை மட்டும் எழுதாதீர்கள். முதல் நைட் டியூட்டியிலேயே அது தெரிந்துவிடும், பாதிப்பு கட்டிலில் படுத்திருப்பவருக்கு. பிஎல்எஸ், அதாவது இதயம் நின்றுபோனவருக்கு உடனே செய்கிற அடிப்படை உயிர்காப்புப் பயிற்சியை முடித்து வையுங்கள். நெஞ்சில் நிமிடத்துக்கு 100 முதல் 120 அழுத்தம், 30 அழுத்தத்துக்கு 2 மூச்சு என்பது தூக்கத்தில் கேட்டாலும் வரவேண்டும். "2 வருட அனுபவம் தேவை" என்று விளம்பரத்தில் இருந்தாலும் பொது வார்டு வேலைக்கு விண்ணப்பம் போடுங்கள். ஐசியுவுக்கு அந்த வரி நியாயம். பொது வார்டுக்குப் பல இடங்களில் அதைப் பழக்கத்தில்தான் போடுகிறார்கள். படிக்கும்போது போஸ்டிங் போன வார்டின் இன்சார்ஜ் சிஸ்டரையும் நேரில் போய்ப் பாருங்கள். உங்கள் கை வேலையைப் பார்த்தவர் அவர்தான்.

உலகத்தில் 59 லட்சம் செவிலியர் பற்றாக்குறை என்று உலக சுகாதார நிறுவனம் 2020 அறிக்கையில் சொன்னது. ஆனாலும் படித்து முடித்த பிள்ளைகள் வாசலில் நிற்கிறார்கள். புதியவருக்குப் பழக்கிவிட ஒரு சீனியரை ஒதுக்க வேண்டும், அந்தச் செலவுக்கு நிர்வாகங்கள் தயாராக இல்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். எனக்கு இதில் ரொம்பக் கோபம் உண்டு. என் முதல் வேலையில் மூன்றாவது ராத்திரியே முழு வார்டையும் என் ஒருத்தியிடம் விட்டார்கள். இன்சுலின் சிரிஞ்சை விளக்குக்கு நேரே தூக்கிப் பிடித்து நாலு தடவை அளவு பார்த்தேன். சரிபார்க்க ஆள் இல்லை. படித்தது ஒன்று, வார்டில் நடப்பது இன்னொன்று என்று புதிய செவிலியர்கள் நிலைகுலைவதை அமெரிக்க செவிலியர் ஆய்வாளர் மார்லின் கிரேமர் 1974-லேயே 'ரியாலிட்டி ஷாக்' என்று எழுதினார். அரை நூற்றாண்டு ஓடிவிட்டது. அதனால் இன்டர்வியூவில் நீங்களும் கேளுங்கள்: "எனக்கு யார் சொல்லித் தருவாங்க? எத்தனை வாரம்?" பதில் மழுப்பலாக வந்தால் யோசியுங்கள்.

அந்தப் பெண்ணிடம், "நோயாளிக்குத் திடீர்னு பிரஷர் இறங்குது, என்னம்மா செய்வீங்க?" என்று கேட்டேன்.

"பேர் சொல்லிக் கூப்பிட்டுப் பார்ப்பேன் மேடம். படுக்க வெச்சு மறுபடி பிரஷர், பல்ஸ் பார்ப்பேன். அவரை விட்டு நகராம அங்கிருந்தே சீனியரைக் கூப்பிடுவேன். தெரியாததைத் தனியா செய்ய மாட்டேன்."

திங்கட்கிழமை டியூட்டியில் சேர்கிறாள். முதல் ஆறு வாரம் அவளோடு நிற்கப்போகிற சீனியரின் பெயரை, அவள் பெயருக்குப் பக்கத்திலேயே ரோஸ்டரில் எழுதிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.