ஒரு டிரம் போதாது

கூரைத் தண்ணீரை ஒரு டிரம்மில் பிடித்து வைத்தால் வறண்ட நாட்களில் தோட்டம் தாங்கிவிடும் என்று ஒரு கட்டுரையில் படித்தேன். நல்ல யோசனைதான், ஆனால் கணக்கு இடிக்கிறது. 1 சதுர மீட்டர் கூரையில் 1 மி.மீ. மழை விழுந்தால் 1 லிட்டர். 50 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. பெய்தாலே ஏறக்குறைய 500 லிட்டர்! 200 லிட்டர் டிரம் பாதி மழையிலேயே வழிந்துவிடும். இரண்டு மூன்று டிரம்களைச் சம உயரத்தில் வைத்து, அடிப்பக்கம் குழாய் போட்டு இணையுங்கள். எல்லாம் ஒரே மட்டத்தில் நிரம்பும்.

நீண்ட வெயிலுக்குப் பிறகு வரும் முதல் மழையைத் தயவுசெய்து உள்ளே விடாதீர்கள். கூரையில் கிடந்த தூசி, பறவை எச்சம் எல்லாம் அதோடுதான் இறங்கும். டிரம்மின் வாய்க்கு வலை கட்டுகிறவர்கள்கூட மிச்சத் தண்ணீர் வழியும் குழாயை மறந்துவிடுகிறார்கள். கொசுவுக்கு அந்த ஓட்டை தாராளம். முட்டையிட்டால் ஒரு வாரம், பத்து நாளில் பறக்கத் தொடங்கிவிடும். வெளிச்சம் புகும் டிரம் என்றால் பாசியும் பிடிக்கும்.

தண்ணீர் குறையும்போது தொட்டிச் செடிகளுக்கும் இளம் நாற்றுகளுக்கும் முதலில் ஊற்றுங்கள், வேரடியில் மட்டும், மேலே சருகு மூடாக்கு போட்டு. வேர் ஆழமாக இறங்கிய மரங்கள் கொஞ்சநாள் பொறுக்கும்.