பசுமைச் சான்றிதழை முதலில் ஒழுங்கைக்குக் கேளுங்கள்

கொழும்பு வெள்ளவத்தையில் எங்கள் ஒழுங்கை முனையில் இன்னொரு தொடர்மாடி எழும்புகிறது. தகரவேலி முழுக்கப் பச்சை இலைப் படம், அதன் கீழே "சூழல் நேய வாழ்விடம்" என்று பெரிதாக எழுதியிருக்கிறார்கள். அந்தக் காணியில் நின்ற இரண்டு மாமரத்தையும் ஒரு வேம்பையும் ஒரே நாளில் தறித்துவிட்டுத்தான் அந்தத் தகரத்தை அடித்தார்கள். மூன்று மாதமாக அதைக் கடந்துதான் கடைக்குப் போய் வருகிறேன், ஒவ்வொரு முறையும் மனம் கொதிக்கிறது.

கூரையில் சோலார், குறைந்த மின்சாரத்தில் ஓடும் ஏசி, எல்லாம் நல்லதுதான். ஆனால் அவை மதிலுக்கு உள்ளே இருப்பவை. மதிலுக்கு வெளியே நடக்கிற எங்களுக்கு என்ன?

பசுமைக் கட்டடங்களுக்குக் கொடுக்கிற லீட் (LEED) என்ற அமெரிக்கத் தரச்சான்றைப் பலர் கேள்விப்பட்டிருப்பீர்கள். அதிலே முழுக் குடியிருப்புப் பகுதிக்கென்றே தனியாக ஒரு முறை இருக்கிறது, 2007இல் பரீட்சார்த்தமாகத் தொடங்கினார்கள். மொத்தம் 110 புள்ளி, 40 எடுத்தால் சான்று, 80 எடுத்தால் பிளாட்டினம். புள்ளிக் கணக்கை விட எனக்குப் பிடித்தது அது முதலில் கேட்கும் கேள்வி: எங்கே கட்டப் போகிறாய்? ஈரநிலத்திலா, வெள்ளம் ஏறும் தாழ்நிலத்திலா, விளைநிலத்திலா? சில விதிவிலக்குகள் இருக்கின்றன, ஆனாலும் இந்தக் கேள்வியைத் தாண்டாமல் மற்ற எதற்கும் புள்ளி கிடையாது.

கொழும்பில் இதைவிட முக்கியமான கேள்வி வேறு இல்லை என்பேன். 2018இல் உலகில் முதன்முதலாக, ஈரநிலங்களைக் காக்கும் சர்வதேச உடன்படிக்கையான ராம்சாரின் கீழ், ராம்சார் ஈரநில நகரம் என்று அங்கீகரிக்கப்பட்ட 18 நகரங்களில் எங்கள் கொழும்பும் ஒன்று. தலங்கம, பெத்தகான பக்கம் போய்ப் பார்த்தவர்களுக்கு அந்தத் தண்ணீரும் கொக்குகளும் தெரியும். ஆனால் அதே நகரத்தில்தான் சதுப்புநிலங்களை லொறி லொறியாக மண் கொட்டி நிரப்பி வந்திருக்கிறோம். 2016 மே மாதம் களனி கங்கை பெருக்கெடுத்தபோது கொலன்னாவை, வெல்லம்பிட்டிச் சனம் பட்ட பாடு எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். ஆறு பெருகியது மழையால்தான், சரி. அந்தத் தண்ணீர் போய் நிற்க வேண்டிய பள்ளங்களை மூடியது யார்?

வெள்ளவத்தைக்கு வருகிறேன். இந்தத் தரத்தின்படி பார்த்தால் எங்கள் இடத்துக்குப் பாதி நன்மை பிறப்பிலேயே வந்துவிட்டது. பஸ் 400 மீட்டருக்குள், ரயில் 800 மீட்டருக்குள் நடந்து போகிற தூரத்தில் இருக்க வேண்டும் என்கிறது அது. காலி வீதிக்கும் மரீன் டிரைவுக்கும் இடைப்பட்ட ஒழுங்கைக்காரருக்கு இரண்டும் காலடியில். மரக்கறிக் கடை, கோயில், டியூஷன், மருந்துக்கடை எல்லாவற்றுக்கும் நடந்தே போகலாம். உலகத்தில் வேறு இடங்களில் காசைக் கொட்டி உருவாக்கப் பார்க்கும் வாழ்க்கை இது, எங்களுக்குத் தானாகவே அமைந்தது.

அதை நாங்களே கெடுத்துக்கொண்டிருக்கிறோம். முன்பு ஒழுங்கை நெடுக வீட்டு வாசல்களும் விறாந்தைகளும் இருந்தன, மாலையில் யாராவது படியில் இருப்பார்கள், பிள்ளைகள் தனியாக நடக்கப் பயமில்லை. இப்போது தொடர்மாடிகளின் கீழ்த்தளம் முழுக்கக் கார் தரிப்பிடம், தெருவைப் பார்த்தபடி ஒரு இரும்புக் கேற். கட்டட வாசல்கள் நடைபாதையைப் பார்த்து இருக்க வேண்டும் என்று அந்தத் தரம் முன்நிபந்தனையாகவே வைத்திருக்கிறது. அழகுக்காக என்றுதான் முதலில் நினைத்தேன். இரவு ஏழு மணிக்கு என் அம்மா அந்தக் கேற் வரிசையைத் தாண்டி நடந்து வரும்போதுதான் அதன் அர்த்தம் விளங்கியது.

நிழலும் அப்படித்தான். பத்து வருடத்துக்குள் நடைபாதை நீளத்தில் 40 வீதத்துக்காவது நிழல் விழ வேண்டும் என்று அதில் ஒரு அம்சம் உண்டு. பங்குனி, சித்திரை வெயிலில் எங்கள் ஒழுங்கையில் பகல் பன்னிரண்டு மணிக்கு நடந்து பாருங்கள், ஒதுங்க ஒரு மரம் இல்லை. அப்புறம் மழை. ஒவ்வொரு கட்டடத்துக் கூரைத் தண்ணீரும் பீலி வழியாக நேரே தெருக் கானுக்குள் இறங்குகிறது, அரை மணி நேர மழைக்கே கான் நிரம்பி ஒழுங்கை ஆறாகிவிடுகிறது. மழைநீர் சேகரிப்புக்கு இந்த நாட்டில் 2005இலேயே தேசியக் கொள்கை வந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் ஒரு தாங்கி கூட இல்லை.

அமெரிக்கச் சான்றிதழை வாங்கி மாட்டச் சொல்லவில்லை, அதற்கான செலவு பெரிய நிறுவனங்களுக்குத்தான் கட்டும். அதன் கேள்விகளை மட்டும் எடுத்து, கட்டட அனுமதி கொடுக்கும் இடத்தில் கேட்க வைக்கலாம். இந்தக் காணியில் முன்பு தண்ணீர் நின்றதா, எத்தனை மரம் போகிறது, எத்தனை வருகிறது, கூரைத் தண்ணீர் எங்கே போகும், தெருவுக்கு வாசல் உண்டா? ஐந்தாறு கேள்விதான். இதில் தேறாத கட்டடத்தை யாரும் பசுமை என்று சொல்லி விற்க விடக்கூடாது.

வரும் ஞாயிறு எங்கள் தொடர்மாடிக் குழுக் கூட்டத்தில் இரண்டு விஷயம் கேட்கப் போகிறேன்: கூரைப் பீலிக்கு ஒரு தாங்கி, முன்மதிலோரம் நான்கு மரம். இதே ஒழுங்கையில் இருப்பவர்கள் இதை வாசித்தால், உங்கள் கட்டடக் கூட்டத்திலும் தயவுசெய்து கேளுங்கள். கன்றுகளை நான் வாங்கித் தருகிறேன்.