வயசைக் கூட்டிச் சொன்னால்தான் மதிப்பா?

அந்த எட்டு ஆரம் போட்ட சக்கரப் படத்தை இந்நேரம் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்க்காதவர்கள் புண்ணியம் செய்தவர்கள். "5000 ஆண்டுப் பழமையான விக்கா நாட்காட்டி" என்று மேலே தலைப்பு. விக்கா என்பது ஐரோப்பாவின் பழைய சூனிய வழிபாட்டைப் புதுப்பித்ததாகச் சொல்லும் ஒரு மதம். கீழே எட்டுப் பண்டிகை, எட்டுத் தேதி. ஓரத்தில் ஒரு பெண் நிலாவைப் பார்த்துக் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறாள். அதைப் பகிர்ந்தவரின் பதிவுக்குக் கீழே மரியாதையாகத்தான் மூன்று கருத்து எழுதினேன். மூன்றும் காணாமல் போயின. அப்புறம், என் பெயரைச் சொல்லாமல் எனக்கென்றே ஒரு பதிவு: "தகவல் தெரிந்தால் போதாது, உணர்வு வேண்டும்." சரிங்க.

நான் சொன்னது ஒன்றே ஒன்றுதான். அந்தச் சக்கரத்துக்கு 5000 வயசு இல்லை. எழுபது வயசுகூடச் சரியாக ஆகவில்லை. அதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

விக்காவை வெளியுலகத்துக்குக் கொண்டுவந்தவர் ஜெரால்ட் கார்ட்னர். 1884இல் பிறந்த ஆங்கிலேயர். இளவயதில் இலங்கையில் தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். பிறகு போர்னியோ, மலாயா, ரப்பர், சுங்க இலாகா. ஓய்வு பெற்று இங்கிலாந்து போனவர், சூனியத் தடைச் சட்டம் 1951இல் நீக்கப்பட்ட பிறகு, 1954இல் இதைப் பற்றிப் புத்தகமே போட்டார். அவருடைய நண்பர் ராஸ் நிக்கல்ஸ், ட்ரூயிட் என்ற பழங்காலப் பூசாரி மரபைப் பின்பற்றியவர். இந்த இருவரின் வட்டாரத்தில்தான், 1950களின் கடைசியில், எட்டும் ஒரே சக்கரமாகச் சேர்ந்தன. நான்கு பழைய ஐரிஷ் பண்டிகைகள், சூரியனின் நான்கு திருப்பங்கள் (பகல் மிக நீளும் நாள், மிகக் குறையும் நாள், இரவும் பகலும் சமமாகும் இரண்டு நாட்கள்). இரண்டையும் சேர்த்து வட்டமாக்கினார்கள். நல்ல வட்டம்தான். ஆறேழு வாரத்துக்கு ஒன்று வந்துகொண்டே இருக்கும்.

"அப்படியானால் எல்லாமே டூப்பா?" என்று உடனே ஒருவர் கேட்டார். இல்லைங்க. வண்டி புதுசு, சக்கரத்துக் கட்டைகள் சில பழசு. சௌவின், இம்போல்க், பெல்டேன், லூனசா (முறையே நவம்பர், பிப்ரவரி, மே, ஆகஸ்ட் தொடக்கத்தில் வருபவை) நான்கும் இடைக்கால ஐரிஷ் எழுத்துகளில் இருக்கின்றன. பெல்டேன் அன்று இரண்டு தீக்கு நடுவே மாடுகளை ஓட்டிய பழக்கத்தைச் சுமார் 900ஆம் ஆண்டைச் சேர்ந்த ஐரிஷ் சொல்லகராதி ஒன்று சொல்கிறது. ஆயிரம் வருஷம் போதாதா? ஏன் ஐயாயிரம்?

இந்தப் பக்கம் பாருங்கள். ஒஸ்தாரா (வசந்தச் சம இரவு), லிதா (கோடைத் திருப்பம்), மேபன் (இலையுதிர்காலச் சம இரவு) என்று மூன்று பெயர்களைச் சக்கரத்தில் மாட்டியது 1974இல் ஏடன் கெல்லி என்ற அமெரிக்கர். லிதா என்பது, பீட் என்ற ஆங்கிலத் துறவி 725இல் எழுதிய நூலில் ஆனி ஆடியை ஒட்டிய இரண்டு மாதங்களின் பெயர். ஒஸ்தாராவின் மூலமும் அதே பீட்தான்: "ஈஓஸ்த்ரே" என்று ஒரு தேவியைப் பற்றி இரண்டு வரி, அவ்வளவுதான். பறவையை முயலாக்கினாள், அது முட்டை போட்டது என்ற கதையெல்லாம் 19ஆம் நூற்றாண்டு ஊகத்திலிருந்து கிளம்பியது. மேபனோ வேல்ஸ் கதையில் பிறந்த மூன்றாம் இரவே தாயிடமிருந்து திருடப்பட்ட பிள்ளை. இலையுதிர்காலச் சம இரவுக்கும் அவனுக்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை, 1974இல்தான் ஒட்டவைத்தார்கள். அந்தப் படத்தில் மட்டும் மேபன் "கற்காலத் தெய்வம்". லூனசாவுக்கு இன்னொரு பெயராகப் போட்டிருக்கும் லாமஸ் "கெல்ட்டியப் பண்டிகை". லாமஸ் பழைய ஆங்கிலச் சொல்லப்பா, ரொட்டிப் பூசை என்று அர்த்தம்.

அடுத்து நியூகிரேஞ்ச். "அயர்லாந்தில் 5200 வருஷக் கல்லறை இருக்கிறதே, குளிர்காலத் திருப்பத்து வெயில் உள்ளே வருகிறதே, அது பொய்யா?" என்று கேட்டவருக்கு ஐம்பது லைக். பொய்யில்லை. எனக்கும் உயிரான இடம் அது. வாசலுக்கு மேலே ஒரு சின்னக் கல்பெட்டித் திறப்பு; டிசம்பர் 19 முதல் 23 வரை, மேகம் இல்லையென்றால், காலை சுமார் ஒன்பது மணிக்கு அதன் வழியாக வெளிச்சம் நுழைந்து உள்ளறை வரை ஊர்ந்து, ஏறத்தாழ 17 நிமிஷம் நின்று போகும். 1967இல் மைக்கேல் ஓகெல்லி என்ற தொல்லியலாளர் உள்ளே இருந்து பார்த்துப் பதிவு செய்தார். கட்டியவர்கள் அந்தத் திருப்பத்தைக் கவனித்தார்கள் என்பது நிச்சயம். ஆனால் அவர்கள் என்ன மொழி பேசினார்கள் என்பதே யாருக்கும் தெரியாது. ஐரிஷ், வேல்ஷ் அடங்கிய கெல்ட்டிய மொழிகள் அந்தத் தீவுக்கு வந்தது எத்தனையோ நூற்றாண்டு கழித்து. தாத்தாவின் கிணற்றில் பேரன் தண்ணீர் குடித்தான் என்பதற்காகத் தாத்தாவைப் பேரன் என்று எழுதலாமா?

"யூல்தான் நம் பொங்கல்" என்றும் ஒருவர் எழுதியிருந்தார். யூல் என்பது சக்கரத்தில் குளிர்காலத் திருப்பத்தின் பெயர். அவருக்குச் சுருக்கமாக ஒரு பதில். தை பிறப்பும் ஒரு காலத்தில் சூரியன் திரும்பும் நாளை ஒட்டி இருந்தது. நம் கணக்கு நட்சத்திரத்தைப் பிடித்துக்கொண்டதால் 72 வருஷத்துக்கு ஒரு நாள் வீதம் விலகி ஜனவரி 14, 15க்கு வந்துவிட்டது. சூரியன் எல்லோருக்கும் ஒன்றுதான், அதற்காக யாரும் யாரிடமும் திருடவில்லை.

தேதிக்கு வருகிறேன், ஏனென்றால் வயிற்றெரிச்சலே அங்கேதான். படத்தில் யூல் டிசம்பர் 25. அது கிறிஸ்துமஸ். யூல் என்று சக்கரத்தில் இருப்பது குளிர்காலத் திருப்பம்; அது வருஷத்துக்கு வருஷம் ஆறு மணி நேரத்துக்குக் கொஞ்சம் குறைவாகத் தள்ளிப்போய், லீப் வருஷத்தில் ஒரு நாள் பின்னுக்கு வரும். 2023இல் டிசம்பர் 22 விடிகாலை 3:27, 2024இல் 21 காலை 9:20, 2025இல் 21 மாலை 3:03. எல்லாம் கிரீன்விச் நேரம். கடைசியதை இந்திய நேரத்தில் வைத்தால் இரவு 8:33. சௌவினை "நவம்பர் 1 காலை" என்று போட்டிருக்கிறார்கள். பழைய ஐரிஷ் கணக்கில் நாள் பொழுது சாயும்போதே பிறக்கும்; அதனால்தான் அக்டோபர் 31 இரவு. காலையில் கும்பிடப் போனால் பாதிப் பண்டிகை முடிந்திருக்கும். பெயரையாவது "சாம்ஹெய்ன்" என்று எழுதாமல் இருக்கலாம். ஐரிஷில் நவம்பர் மாதத்துக்கே சௌவின் என்றுதான் பெயர், அந்த ஊர்க் குழந்தைகூட அப்படித்தான் சொல்லும்.

மெல்போர்னிலிருந்து ஒரு தங்கை அதே பதிவின் கீழே, "எங்களுக்கு அக்டோபரில் வசந்தம் ஆச்சே அண்ணா" என்று கேட்டிருந்தாள். பதிலே இல்லை. தெற்கு அரைக்கோளத்தில் இதைக் கொண்டாடுகிறவர்கள் பலர் சக்கரத்தைத் திருப்பித்தான் வைத்துக்கொள்கிறார்கள், தங்கச்சி. சௌவின் ஏப்ரல் கடைசியில், யூல் ஜூனில், பெல்டேன் அக்டோபர் கடைசியில். பருவத்துக்காகத்தான் பண்டிகை. இம்போல்க்கே செம்மறிக்குப் பால் சுரக்கிற காலத்தை ஒட்டிய பண்டிகை.

"உணர்வு வேண்டும்." அந்த வார்த்தைதான் தொண்டையில் நிற்கிறது. உணர்வு என்றால் என்ன, கண்ணை மூடிக்கொண்டு ஊதுபத்தி ஏற்றுவதா?

பிரிஜித் என்ற ஐரிஷ் புனிதையின் பெயரால் புல்லில் முடைகிற சிலுவையை எடுத்துக்கொள்ளுங்கள். இம்போல்க்குக்கு அயர்லாந்தில் வீட்டு வாசலுக்கு மேலே மாட்டுவது. 2023 முதல் அந்தப் பண்டிகைக்கு அங்கே அரசு விடுமுறையே உண்டு. சதுப்பில் முளைக்கும் ரஷ் என்ற புல், நம் கோரைக்குச் சித்தப்பா பிள்ளை மாதிரி. அதை அறுக்கக்கூடாது, பிடுங்க வேண்டும் என்பது முறை. ஒரு சாண் நீளத்துக்குக் குறையாமல் 16 முதல் 28 தண்டு. பச்சையாக வேண்டும், காய்ந்தது மடிக்கிற இடத்தில் படக்கென்று ஒடியும். ஒன்றை நெட்டுக்குத்தாகப் பிடியுங்கள். இரண்டாவதை நடுவில் மடித்து அதன் இடுப்பில் மாட்டுங்கள், வால் இரண்டும் வலப்பக்கம். முழுசையும் இடப்புறமாகக் கால் திருப்பம் திருப்புங்கள். வால் மேலே போகும். மூன்றாவதை மடித்து அந்த வாலின் மேல் மாட்டுங்கள், மறுபடி வலப்பக்கம். திருப்பு, மாட்டு, திருப்பு, மாட்டு. கட்டைவிரல் நடுவை விடவே கூடாது. விட்டால் சதுரம் தளர்ந்து கோணிப்போகும், அப்புறம் எத்தனை இழுத்தாலும் நேராகாது. ஒரே ஒரு முறை எதிர்ப்பக்கம் திருப்பினாலும் நாலு கையில் ஒன்று ஊனம். கடைசியில் நாலு நுனியையும் கட்ட வேண்டும். நூலால் கட்டினால் ஒரு வாரத்தில் நழுவும், ஏனென்றால் தண்டு காயக் காயச் சுருங்கும். அதனால்தான் இன்று பலர் ரப்பர் பேண்ட் போடுகிறார்கள், அழகு குறைவு, ஆனால் கூடவே இறுகும்.

சௌவின் விளக்கும் அப்படித்தான். பூசணி அமெரிக்காவில் வந்து சேர்ந்தது. அயர்லாந்தில் குடைந்தது டர்னிப். பல்லைக் காட்டி முறைக்கிற அப்படி ஒன்றின் அச்சு மேயோ மாவட்டத்தில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது, அதைப் பார்த்தால் பூசணி வெறும் பொம்மையாகத் தெரியும். கல் மாதிரிக் காய். மெல்லிய கரண்டி வளைந்துவிடும். மூடியில் துளை போடாவிட்டால் காற்று இல்லாமல் மெழுகுவத்தி அணையும். துளை போட்டால் மூடி கருகி வீடெல்லாம் ஒரு நாற்றம். இதெல்லாம் தெரிந்து செய்கிறவர்களுக்கு உணர்வு இல்லையாம். ஒரு படத்தைப் பகிர்ந்தவருக்கு இருக்கிறதாம்.

"இந்து ஊரில் இருந்துகொண்டு இதெல்லாம் உனக்கு எதற்கு, மதம் மாறிட்டியா?" என்று உள்பெட்டியில் வந்தவருக்குப் பதில் கிடையாது.

ஒன்று மட்டும். அந்தப் படத்தின் இம்போல்க் கட்டத்தைப் பெரிதாக்கிப் பாருங்கள். சிலுவை இருக்கிறது. நாலு கையும் அச்சடித்த மாதிரி ஒரே நீளம், நுனியில் கட்டே இல்லை, நடுவில் ஒரு மடிப்பும் இல்லை. கீழே "பண்டைய முறைப்படி" என்று எழுதியிருக்கிறது.

கருத்துப் பெட்டி திறந்துதான் இருக்கிறது. திட்டுங்கள். நான் அழிக்க மாட்டேன்.