ஸ்க்ரீன் வரும்வரை நில்லுங்கடா!

நேற்றைய பாஸ்கெட்பால் மேட்சிலும் தோற்றோம். தோற்றதில் வருத்தமே இல்லை என்று சொன்னால் அது பொய். ஆனால் இன்று காலையிலிருந்து என் வயிறு எரிவது ஸ்கோரை நினைத்து இல்லை. ஆட்டம் முடிந்து வியர்வை காய்வதற்குள் டீமின் வாட்ஸ்அப் குழுவில் வந்து விழுந்ததே ஒரு செய்தி, அதை நினைத்துத்தான். "அண்ணே, நம்ம பிளே ஒர்க் ஆகல. புதுசா ஒண்ணு போடலாமா?"

புதுசா ஒண்ணாம்! எண்ணிப் பார்த்தேன். பிளே என்றால் யார் எங்கே ஓட வேண்டும், பந்து யாருக்குப் போக வேண்டும் என்று முன்கூட்டியே போட்டு வைக்கும் திட்டம். இந்த சீசனில் மட்டும் 11 பிளே போட்டிருக்கிறோம். அதில் ஒன்றையாவது முதல் பாஸிலிருந்து கடைசி ஷாட் வரை ஒழுங்காக ஓடியிருக்கிறோமா? ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எங்கள் டீமில் அந்த மாதிரி ஐந்து பேர். பெஞ்சையும் சேர்த்தால் பத்து.

அப்படி ஒன்றும் பெரிய ராக்கெட் சமாசாரம் இல்லை, நேற்று ஒர்க் ஆகாத அந்த பிளே. நான் பாயின்ட் கார்டு, அதாவது ஆட்டத்தை நடத்துகிறவன். கூடைக்கு நேர் எதிரே தள்ளி, டாப்பில் பந்தோடு நிற்கிறேன். எங்கள் ஷூட்டர் கூடைக்குக் கீழே, பின்பக்க எல்லைக்கோடான பேஸ்லைன் பக்கத்தில். பெரிய ஆள் ஃப்ரீ த்ரோ கோட்டின் முனையான எல்போவிலிருந்து இறங்கிப் போய் ஷூட்டரின் டிஃபெண்டருக்குக் குறுக்கே ஸ்க்ரீன் வைப்பான், அதாவது சுவர் மாதிரி நின்று வழியை மறிப்பான். ஷூட்டர் ஸ்க்ரீன் வைத்தவனை உரசிக்கொண்டு பக்கவாட்டில், விங்குக்கு வெளியே வர வேண்டும். நான் பாஸ் கொடுப்பேன். ஷாட் இருந்தால் அடிக்கலாம். இல்லையென்றால் ஸ்க்ரீன் வைத்தவன் கூடைப் பக்கம் திரும்பியிருப்பான், அவனுக்குக் கொடுக்கலாம். அந்தப் பக்கம் மீதி இரண்டு பேர் இடம் மாறி அவரவர் டிஃபெண்டர்களுக்கு வேலை கொடுக்க வேண்டும். அவ்வளவுதான். ஆறேழு நொடியில் முடிகிற காரியம். ஷாட் அடிக்கக் கெடு வைக்கும் ஷாட் கிளாக்கில் இருப்பதோ 24 நொடி.

இதில் எங்கே கோட்டை விடுகிறோம் என்று கேளுங்கள். முதல் நொடியிலேயே!

நான் கையைத் தூக்கி சிக்னல் காட்டிய மறு கணமே ஷூட்டர் தம்பி பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி ஓடி வருவான். ஸ்க்ரீன் வைக்க வேண்டிய பெரியவர் அப்போதுதான் எல்போவை விட்டு ஓரடி எடுத்து வைத்திருப்பார். இரண்டு பேரும் பாதி வழியில் ஒருவரை ஒருவர் கடந்து போவார்கள். தெருவில் எதிர்ப்படும் பழைய சிநேகிதர்கள் மாதிரி, ஒரு தலையசைப்புதான் பாக்கி. ஷூட்டரின் டிஃபெண்டர் எந்தத் தடையும் இல்லாமல் கூடவே ஓடி வந்து முகத்துக்கு நேரே கையை நீட்டிக்கொண்டு நிற்பான். அப்போது தம்பி என்னைப் பார்த்துக் கத்துவான்: "பாஸ் போடுங்கண்ணே!" யாருக்கு, உனக்கா, அவனுக்கா?

ஏன்டா நிற்கவில்லை என்று கேட்டால் ஒரு சட்டம் பேசுவான். "பெயின்ட்ல நின்னா மூணு செகண்ட் விசில் வந்துடும்ணே." சட்டம் உண்மைதான். நம் டீம் பந்தை வைத்திருக்கும்போது எதிரணியின் பெயின்ட்டுக்குள், அதாவது கூடைக்கு முன்னால் கோடு போட்ட கட்டத்துக்குள், தொடர்ந்து 3 நொடிக்கு மேல் நிற்கக் கூடாது. ஆனால் உன்னை யார் பெயின்ட்டுக்குள் நிற்கச் சொன்னது? கோட்டுக்கு வெளியே ஓரடி தள்ளி நின்றால் ஆட்டம் முடியும்வரை கூட நிற்கலாமே! உள்ளேயே நின்றாலும் ஸ்க்ரீன் வந்து சேர ஒன்றரை நொடி போதும். பொறுமை இல்லாததற்கு ரூல் புத்தகத்தைத் துணைக்குக் கூப்பிடாதே.

மேன் டு மேன் டிஃபென்ஸின் பலமும் பலவீனமும் ஒன்றே: ஆள் எங்கே போனாலும் அவனுடைய டிஃபெண்டரும் கூடவே போயாக வேண்டும். ஸோன் ஆடுகிறவன் இடத்தைக் காக்கிறான், நீ போனால் போ என்று விட்டுவிடுவான். மேன் டு மேனில் அவன் உன்னோடு கயிறு கட்டிய மாதிரி வருவான். அந்தக் கயிற்றைப் பிடித்து இழுத்து அவனைக் கொண்டுபோய் ஸ்க்ரீனில் மோத வைப்பதுதான் இந்த பிளேயின் உயிர். அதற்கு முதலில் எதிர்த்திசையில் இரண்டு எட்டு வைத்து அவனை நம்ப வைக்க வேண்டும். அப்புறம் உன் தோள் ஸ்க்ரீன் வைத்தவனின் இடுப்பை உரசிக்கொண்டு போக வேண்டும், நடுவில் காற்று கூடப் புகாத மாதிரி. எங்கள் தம்பி விடுகிற இடைவெளியில் ஒரு சைக்கிளே போகும்.

ஸ்க்ரீன் வைக்கிற பெரியவரை மட்டும் விட்டுவிடுவேனா? இவர் ஸ்க்ரீன் வைப்பது காலிங் பெல் அடித்துவிட்டு ஓடும் சின்னப் பையன் மாதிரி. தொட்டதும் ஓட்டம். அவருக்குப் பாஸ் வேண்டும், பாஸ் வந்தால் ஷாட் வேண்டும். நிற்கச் சொல்லி கரடியாகக் கத்தினால் அதற்கு நேர் எதிராக ஒன்று செய்வார்: டிஃபெண்டர் தப்பிப் போகும்போது இடுப்பைத் தள்ளி, காலை நீட்டி இடிப்பார். விசில்! மோதல் நடக்கும் கணத்தில் இரண்டு காலும் தரையில் ஊன்றி, தன் உடம்பின் அளவுக்குள் அசையாமல் நிற்க வேண்டும் என்பதுதான் விதி. நேற்று மட்டும் அவருக்கு இப்படி மூன்று ஃபவுல். மூன்று முறையும் ரெஃப்ரியைப் பார்த்துக் கையை விரித்தார், உலகத்திலேயே தனக்குத்தான் அநியாயம் நடந்த மாதிரி.

இதையெல்லாம் கூடப் பொறுத்துக்கொள்வேன். என்னால் பொறுக்கவே முடியாதது வேறு. பேப்பரில் வரைந்த அம்புக்குறியை மனப்பாடம் செய்துவிட்டு, எதிரே நிற்கும் ஆளை ஏறிட்டும் பார்க்காமல் ஓடுவது. அம்புக்குறி விங்குக்குப் போகிறதா, நீயும் விங்குக்குத்தான் போவாய். உன் டிஃபெண்டர் முதுகுக்குப் பின்னால் துரத்திக்கொண்டு வருகிறானா? அப்படியே ஸ்க்ரீனைச் சுற்றி வளைந்து கூடைக்குப் போ. ஸ்க்ரீனுக்கு அந்தப் பக்கமாகக் குறுக்கு வழியில் வருகிறானா? பின்வாங்கி கார்னருக்குப் போ. இரண்டு டிஃபெண்டர்களும் ஆள் மாற்றிக்கொண்டார்களா? அப்படியென்றால் நம் பெரியவர் மேல் இப்போது ஒரு குட்டி ஆள் நிற்கிறான், பந்து உள்ளே போக வேண்டும். நீ வெளியே வரவே கூடாது என்று மேலேறி வழியை மறிக்கிறானா? அவன் விட்டுவிட்டு வந்த பக்கம் கூடை வரை ஒரு ஹைவே திறந்து கிடக்கிறது, சட்டென்று திரும்பிக் கூடைக்கு ஓடு, அதாவது பேக்டோர் போ!

நேற்று மூன்றாவது குவார்ட்டரில் தம்பியின் டிஃபெண்டர் அதைத்தான் செய்தான். பந்துக்கு முதுகைக் காட்டி, கையை அகலமாக விரித்து, வெளியே விடாமல் மறித்து நின்றான். கூடைப் பக்கம் ஒரு ஈ காக்கை இல்லை. நான் கண்ணைக் காட்டினேன், தலையை ஆட்டினேன், பந்தை வைத்தே சைகை காட்டினேன். தம்பி அவனோடு தோளோடு தோள் முட்டிக்கொண்டு வெளியே வரவே போராடினான். ஏன் என்றால், "பிளே அப்படித்தானண்ணே!"

1996-ல் அமெரிக்கக் கல்லூரிப் போட்டியில் பிரின்ஸ்டன் டீம் என்ன செய்தது? எதிரே யூ.சி.எல்.ஏ., அப்போதைய நடப்புச் சாம்பியன். கடைசிச் சில நொடிகள், ஸ்கோர் சமம். டிஃபெண்டர் நெருக்கியதும் ஒருவன் பேக்டோர் வெட்டினான், தரையில் தட்டி ஒரு பவுன்ஸ் பாஸ், கூடையருகே போய் ஒரு லேஅப். 43-41. பிரின்ஸ்டன் பேக்டோர் வெட்டும் என்று அந்த அரங்கில் யாருக்குத் தெரியாது? தெரிந்தும் தடுக்க முடியவில்லை.

இதையும் கேளுங்கள். யூட்டா ஜாஸ் என்ற அமெரிக்க டீமில் ஜான் ஸ்டாக்டனும் கார்ல் மலோனும் 1985 முதல் 2003 வரை 18 சீசன் சேர்ந்து ஆடினார்கள். அவர்கள் பிழைப்பே பிக் அண்ட் ரோல்தான்: பந்து வைத்திருப்பவனுக்கு ஒருவன் ஸ்க்ரீன் வைத்துவிட்டுக் கூடைப் பக்கம் திரும்பி ஓடுவது. ஸ்டாக்டன் கணக்கில் 15,806 அசிஸ்ட், அதாவது கூடையில் முடிந்த பாஸ். 'எல்லாருக்கும் நம்ம பிளே தெரிஞ்சு போச்சு, மாத்தணும்' என்று அவர்கள் வாட்ஸ்அப்பில் புலம்பியிருந்தால்? அப்போது வாட்ஸ்அப் இல்லாதது அவர்கள் செய்த புண்ணியம்.

எங்கள் டீமில் அந்தப் பக்கத்து மீதி இரண்டு பேரைப் பற்றி அதிகம் பேச மாட்டேன். பேசினால் ரத்தக் கொதிப்பு ஏறும். இடுப்பில் கை வைத்து வேடிக்கை பார்ப்பார்கள். அதனால் அவர்களைக் காக்க வேண்டியவர்கள் ஜாலியாக பெயின்ட்டுக்குள் வந்து நின்றுகொண்டு, உள்ளே போகும் எங்கள் ஒரே பாஸையும் தட்டிவிடுவார்கள்.

சரி, நான் மட்டும் யோக்கியனா? இல்லை. இரண்டு முறை ஸ்க்ரீன் வருவதற்குள் டிரிபிளை, அதாவது பந்தைத் தரையில் தட்டுவதை, நிறுத்திப் பந்தைக் கையில் பிடித்துவிட்டேன். பிடித்ததும் என் டிஃபெண்டர் ஒட்டிக்கொண்டான். 5 நொடி ஓடியது, விசில், பந்து அவர்களுக்கு. அது முழுக்க என் தப்பு. குழுவில் அப்படியே எழுதவும் எழுதினேன். அதற்கு மட்டும் ஏழு பேர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்கள். ஸ்க்ரீன் வரும்வரை நிற்க வேண்டும் என்று எழுதிய செய்திக்கு ஒரு பதிலும் இல்லை.

இன்று மதியம் ஷூட்டர் தம்பி ஒரு வீடியோ அனுப்பினான். "அண்ணே, இது சூப்பர் பிளே. அடுத்த மேட்சுக்கு இதைப் போடலாம்." திறந்தேன். டாப்பில் பாயின்ட் கார்டு. எல்போவிலிருந்து பெரிய ஆள் இறங்குகிறான். ஷூட்டர் கூடைக்குக் கீழே. எங்கள் பிளே! அச்சு அசலாக எங்கள் பிளேயேதான், கேமரா மட்டும் வேறு பக்கம். ஒரே ஒரு வித்தியாசம்: அந்த ஷூட்டர் ஸ்க்ரீன் வந்து நிலையாக நிற்கும்வரை ஒரு நொடிக்கும் மேல் அசையாமல் காத்திருக்கிறான். எங்கள் தம்பி அந்த இடத்தை வேகமாக ஓட்டிவிட்டுப் பார்த்திருப்பான்.

"சரிடா தம்பி, போடலாம்" என்று பதில் அனுப்பியிருக்கிறேன்.